டீசல் பிக்கப்பில் றேடியேற்றர் மாற்றுவது: வன்னியில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு

முதல் தடவை என் பிக்கப்பின் றேடியேற்றர் போனபோது மாங்குளத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எஞ்சின் ஆறும்வரை என்னை ஒரு பிளேன்ரீ குடிக்க வைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்தார். நகத்தில் வெள்ளையாக, காய்ந்த அரிசிமா மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"தம்பி, இதுக்கு எந்தத் தண்ணி விட்டனீர்?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் அண்ணை."

"உம்மட வீட்டுக் கேத்திலுக்குள்ள பாரும், இதேதான் ஒட்டியிருக்கும். கேத்திலைத் தேய்ச்சுக் கழுவலாம். இதுக்குள்ள கை விடேலாது."

அன்றைக்கு அவர் சொன்னதைப் பாதிதான் கேட்டேன். புது றேடியேற்றர் போட்டேன், தண்ணீரை மட்டும் மாற்றவில்லை. இரண்டு வருடம் ஆகுமுன் இரண்டாவதையும் மாற்ற வேண்டி வந்தது. அதை நானே மாற்றினேன். பிறகு அயலில் நாலைந்து பேருக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். தொழில் மெக்கானிக் இல்லை நான். நெல்லும் உரமும் ஏற்றி இறக்குகிற ஆள். ஆகவே இது முதல் தடவை ஸ்பானர் பிடிக்கிறவருக்காக எழுதுவது.

எங்கள் பக்கம் ஓடுகிற டபுள் கெப்புகளில் பெரும்பாலானவை வயதானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி விட்டார்கள். இடையில் இருந்ததை ஓட்டித் தேய்த்ததுதான் மிச்சம். ஹைலக்ஸ், எல்200, டி-மாக்ஸ் எதுவானாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். போல்ற்றுகளின் இடம் மட்டும் மாறும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சூடு ஏறினால் உடனே றேடியேற்றர் போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். நான் பார்த்த வாகனங்களில் பாதிக்கு நோய் வேறு இடத்தில் இருந்தது.

முதலில் பதர். அறுவடைக் காலத்தில் வயல் வரம்போரமாக, நெல் வெட்டும் மெசினுக்குப் பின்னால் ஓடுகிற வாகனம் பதரையும் வைக்கல் துரும்பையும் மூச்சு மாதிரி இழுத்துக்கொள்ளும். முன்னால் நின்று கிறில் வழியாகப் பார்த்தால் எல்லாம் துப்புரவாகத் தெரியும். ஏனென்றால் முன்னால் தெரிவது ஏசிக் கண்டென்சர். அதற்கும் றேடியேற்றருக்கும் நடுவில் இரண்டு விரல் அகல இடைவெளி இருக்கும். குப்பை முழுவதும் அங்கேதான் போய் நிற்கும். ரோர்ச் ஒன்றை மேலிருந்து அந்த இடைவெளிக்குள் அடித்துப் பாருங்கள். ஒருமுறை முள்ளியவளைப் பக்கத்து வாகனம் ஒன்றில் அந்த இடைவெளியில் இருந்து பாய் மாதிரி ஒரு தகடு வந்தது: பதர், செம்மண் புழுதி, செத்த பூச்சிகள், கொஞ்சம் ஒயில், எல்லாம் சேர்ந்து இறுகியது. அதை எடுத்துவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்தோம். புது றேடியேற்றர் தேவைப்படவில்லை. அடிக்கும்போது வேகம் குறைவாக இருக்க வேண்டும். சேர்விஸ் நிலையத்துப் பிரஷர் கன்னை நெருக்கிப் பிடித்தால் அலுமினியச் செதில்கள் படுத்துவிடும். அதற்குப் பிறகு காற்றே போகாது.

அடுத்தது மூடி. இதைப் பலர் வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். அது ஒரு வால்வு. அதன் முகத்தில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அந்த அளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் உள்ளே தண்ணீர் கொதிப்பதற்கு 120 பாகைக்குக் கிட்டச் சூடு வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்துப் போனால் 100 பாகையிலேயே கொதித்து, பக்கத்தில் இருக்கும் மேலதிகத் தண்ணீர்த் தாங்கிக்குள் போய்விடும். றேடியேற்றர் விலையோடு பார்த்தால் மூடி சில்லறைக் காசு. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

இதே காரணத்தால்தான் சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே 105 பாகையில் அமைதியாகக் கிடக்கிற தண்ணீர், மூடி கழன்று அழுத்தம் போன அந்தக் கணமே ஆவியாகி மேலே பாயும். ஈரச்சாக்கைப் போட்டுத் திறக்கிற வீரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரின் முழங்கையில் இன்றைக்கும் தோல் வேறு நிறம். மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்து இறுக்கிப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் மட்டும் மூடியில் கை வையுங்கள்.

மூன்றாவது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடுகிற வால்வு. "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிந்துவிடுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது. தவறு. பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே இன்னொரு சின்னப் பாதையை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாரம் ஏற்றினால் சூடு கூடத்தான் செய்யும். பழையதைச் சோதிக்க ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்து அதற்குள் போடுங்கள். அதன் உடம்பில் அடித்திருக்கும் எண், பெரும்பாலும் 76, 82, 88 என்பவற்றில் ஒன்று, திறக்கத் தொடங்கும் பாகை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியும் அது வாய் திறக்கவில்லை என்றால் குப்பைக்குப் போகலாம்.

விசிறியைப் பிடித்திருக்கும் ஃபான் கிளச்சையும் பாருங்கள். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுழற்றினால் பிசின் பிடித்தமாதிரி இறுக்கமாகச் சுற்ற வேண்டும். காற்றாடி போல இரண்டு மூன்று சுற்றுப் போனால் கிளச் போய்விட்டது.

கடைசியாக, எல்லாவற்றிலும் கசப்பானது: ஹெட் கஸ்கெற், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்ராட் செய்து, றேடியேற்றர் வாயில் தண்ணீரைப் பாருங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி வரும், அது பரவாயில்லை. நிற்காமல் சோடாப்போத்தல் மாதிரி வந்துகொண்டேயிருந்தால், அல்லது ஸ்ராட் செய்து இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. ஒயில் கோலைப் பிடுங்கிப் பார்த்துப் பால்தேத்தண்ணி நிறம் என்றாலும் அதே கதைதான். இப்படியான எஞ்சினுக்குப் புது றேடியேற்றர் போடுவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி போடுவது. கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, றேடியேற்றரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் பச்சை அல்லது வெள்ளைக் கறை வடிந்திருந்தால், அல்லது எஞ்சின் சூடாக ஓடியும் கோரின் (குழாய்களும் செதில்களும் சேர்ந்த நடுப்பகுதியின்) ஒரு பகுதி மட்டும் குளிராகவே கிடந்தால், அப்போது றேடியேற்றர்தான். குளிர்ந்த பகுதிக்குப் பின்னால் இருக்கிற குழாய்கள் சுண்ணாம்பால் அடைபட்டிருக்கும். அதைத் தொட்டுப் பார்ப்பது எஞ்சினை நிறுத்திய பிறகுதான். சுற்றுகிற விசிறிக்குப் பக்கத்தில் கையோ சாரத்தின் தொங்கலோ போகக் கூடாது.

இன்னும் ஒன்று. ஒழுக்கை நிறுத்த மஞ்சள்தூள் போடுகிற வைத்தியம் உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒட்டுசுட்டான் காட்டுக்குள் இருட்டுப்படும் நேரம், யானை வரலாம் என்ற பயத்தோடு நிற்கும்போது நானும் போட்டிருக்கிறேன். வீடுவரை வந்தது. ஆனால் மஞ்சளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். போட்டவர் எஞ்சினையும் நன்றாகக் கழுவ வேண்டியிருக்கும்.

எதை வாங்குவது

பழைய லேலண்ட், டற்சன் காலத்து ஆட்கள் செம்பு–பித்தளை றேடியேற்றரைத்தான் நம்புவார்கள். அதில் நியாயம் உண்டு. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஈயம் பற்ற வைக்கிறவரிடம் கொடுத்தால் தொட்டியைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுத் துப்புரவாக்கி, திரும்பப் பற்றிக் கொடுப்பார். உங்களுடையது செம்பு என்றால் மாற்றுமுன் அவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். பிந்திய வாகனங்களில் வருவது அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி. அந்த விளிம்பு ஒழுகத் தொடங்கினால் ஒட்டு வேலை நிற்காது. புதிதுதான்.

கடைக்குப் போகும்போது பழையதன் உயரம், அகலத்தோடு கோரின் தடிப்பையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். இந்தத் தடிப்பில்தான் நான் ஏமாந்தேன். ஒரு கடையில், பெயர் வேண்டாம், "உங்கட மொடல்தான், கண்ணை மூடிக்கொண்டு பூட்டுங்கோ" என்று தந்தார்கள். எல்லாத் துளையும் பொருந்தியது, ஹோஸ் வாய் பொருந்தியது. ஆனால் அது பெற்றோல் எஞ்சின் வாகனத்துக்கு வருவது. கோர் மெல்லிசு. வெறும் வாகனமாக ஓட்டும்போது பிரச்சினை இல்லை. இருபது மூட்டை நெல்லோடு மணல் பாதையில் இரண்டாம் கியரில் ஏறியதும் சூடு காட்டும் முள் மேலே போனது. ஒட்டோ கியர் என்றால் கீழ்த் தொட்டியில் கியர் ஒயில் போய்வரும் இரண்டு பித்தளை வாய்களும் இருக்க வேண்டும். இல்லாததை வாங்கிவந்து பிறகு தலையில் கை வைக்காதீர்கள்.

றேடியேற்றரோடு சேர்த்து மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், மூடி, தெர்மோஸ்டாட், அதன் கஸ்கெற் எல்லாவற்றையும் வாங்குங்கள். கூலன்ட் எவ்வளவு வேண்டும் என்பது வாகனத்தின் கைநூலில் இருக்கும். இந்த அளவு எஞ்சின்களுக்குப் பொதுவாக 8 முதல் 12 லீற்றர் பிடிக்கும். கலக்காத கூலன்ட் என்றால் அதில் பாதி. மீதிப் பாதிக்கு வடித்த தண்ணீர், அதாவது பெற்றரிக்கு விடுகிற தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குளத்துத் தண்ணீர் பார்வைக்கு மென்மையாக இருந்தாலும் அதில் வண்டல் உண்டு. கூலன்டின் நிறத்தை வைத்து இதுவும் அதுவும் ஒன்று என்று கலக்காதீர்கள். நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். பச்சையையும் சிவப்பையும் கலந்து சில வேளை கூழாகிப் போவதும் உண்டு.

"குளிர் இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலைதான். துருவையும் அலுமினிய அரிப்பையும் தடுப்பதும், கொதிநிலையைக் கொஞ்சம் மேலே தள்ளுவதும்தான் எங்களுக்குத் தேவையான வேலைகள்.

கழற்றுவது

காலையில் தொடங்குங்கள். முதல் நாள் இரவு முழுக்க வாகனம் நின்றிருக்க வேண்டும். சமதரை, மரநிழல், சில்லுக்கு முன்னும் பின்னும் கல், கைப்பிரேக். பழக்கமில்லாதவருக்கு அரை நாள் பிடிக்கும். யப்பான் வாகனங்களில் 10, 12, 14 மி.மீ. சொக்கெற்றுகளே பெரும்பாலும் போதும். அவற்றோடு நீட்டுக் கம்பி, குறடு, இரண்டு ஸ்குறூ டிறைவர், அகலமான பேசின், ஒரு பெரிய காட்போட் மட்டை. மட்டையை மறந்துவிடாதீர்கள், பிறகு தெரியும் ஏன் என்று.

பெற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். கண்டென்சருக்கு முன்னால் மின்விசிறி உள்ள வாகனங்களில் அது தானாகச் சுற்றத் தொடங்க வாய்ப்பு இருக்கிறது.

அடியில் இருக்கும் தகரக் கவசத்தைக் கழற்றினால் கீழ்த் தொட்டியின் மூலையில் சின்ன வடிகால் திருகு தெரியும். பெரும்பாலும் பிளாஸ்டிக். கையால் மட்டும் திருப்புங்கள். குறடு போட்டால் உடைந்து கையோடு வரும். பேசினை வைத்து, திருகைத் திறந்து, அதன்பிறகு மேல் மூடியைத் திறந்தால் வேகமாக வடியும்.

வடித்ததை நிலத்தில் ஊற்ற வேண்டாம். கூலன்ட் இனிப்பு. நாயும் ஆடும் கன்றும் நக்கும், சிறுநீரகம் பழுதாகிச் சாகும். கிணற்றடிக்குக் கிட்ட ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் கானில் அடைத்து, மேலே எழுதி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது எல்லா இடத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, மேலதிகத் தாங்கிக்குப் போகும் மெல்லிய குழாய் எதன் மேலால் போகிறது என்று பின்னேரம் நினைவிருக்காது.

மேல் ஹோஸ், மெல்லிய குழாய், கீழ் ஹோஸ் என்ற வரிசையில் கழற்றலாம். கிளிப்பைத் தள்ளிவிட்டு ஹோஸைப் பிடித்து முறுக்குங்கள். வராவிட்டால் ஸ்குறூ டிறைவரால் நெம்பாதீர்கள். எப்படியும் புது ஹோஸ் போடப் போகிறீர்கள், பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். கீழ் ஹோஸைக் கழற்றும்போது இன்னும் ஒரு லீற்றர் ஊற்றும். முகத்தை அதன் கீழே வைக்க வேண்டாம். டேர்போவில் இருந்து வரும் காற்றை ஆற்றுகிற இன்ரகூலரின் குழாய் குறுக்கே நின்றால் அதையும் கழற்றி, திறந்த வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். டேர்போவுக்குள் ஒரு நட்டு விழுந்தால் அந்தச் செலவுக்கு றேடியேற்றர் பத்து வாங்கலாம்.

ஒட்டோ கியர் என்றால் ஒயில் குழாய்களை இரண்டு ஸ்பானர் போட்டுக் கழற்றுங்கள்: ஒன்று றேடியேற்றர் பக்கத்து வாயைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒன்றால் மட்டும் திருப்பினால் குழாய் முறுகிவிடும். கழற்றிய வாய்களுக்குள் மண் போகாமல் அடைத்து வையுங்கள். பழைய றேடியேற்றரின் தண்ணீரில் கியர் ஒயில் கலந்து இளஞ்சிவப்புப் பால் மாதிரித் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி கியர் பெட்டி தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் கியர் பெட்டிக்குள்ளும் போயிருக்கும்.

அடுத்தது விசிறி. அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டின் போல்ற்றுகளைக் கழற்றி, கூட்டை எஞ்சின் பக்கம் தள்ளிவிட்டால் சில வாகனங்களில் றேடியேற்றர் மட்டும் மேலே வரும். இடம் போதாவிட்டால் விசிறியை வாட்டர் பம்ப்போடு பிடித்திருக்கும் நாலு நட்டுகளையும் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே இளக்குங்கள். பெல்ட்டை முதலில் கழற்றினால் எல்லாம் சேர்ந்து சுற்றும். கழற்றிய ஃபான் கிளச்சைப் படுக்க வைக்காமல், வாகனத்தில் நின்றமாதிரி நிமிர்த்தி வையுங்கள். அதற்குள் இருக்கும் சிலிக்கன் திரவம் இடம் மாறிப் போகாமல் இருக்கத்தான்.

இப்போது அந்த மட்டை. விசிறியின் இறக்கை செதில்களைக் கீறாமல் இருக்க, விசிறிக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் அதை இறக்குங்கள். மேல் பிடிகளைக் கழற்றி, றேடியேற்றரை நேராக மேலே தூக்குங்கள். ஏசிக் கண்டென்சர் சில வாகனங்களில் றேடியேற்றரோடு கொக்கி போட்டு நிற்கும். கொக்கியை மட்டும் விடுவித்து, கண்டென்சரை அதன் இடத்திலேயே கயிறால் கட்டி வையுங்கள். அதன் குழாய்களில் ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் ஏசி வாயு நிற்கிறது.

றேடியேற்றர் வெளியே வந்ததும் கண்டென்சரின் பின்பக்கத்தைக் கழுவுங்கள். இவ்வளவு வசதியாக அதைக் கழுவ இனி எப்போது சந்தர்ப்பம் வரும்?

எஞ்சினைக் கழுவுவது

கிணற்றுத் தண்ணீரோடு இதைத் தவறவிட்டதும் சேர்ந்துதான் என் முதல் புது றேடியேற்றர் கெட்டது. எஞ்சின் பிளாக்குக்குள் வருடக்கணக்காகச் சேர்ந்த சுண்ணாம்பும் துருவும் புதியதன் மெல்லிய குழாய்களைத் தேடி வந்து அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, மேல் ஹோஸ் வாயால் தோட்டத்துக் குழாயை விடுங்கள், கீழால் வெளியேறட்டும். முதலில் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி வரும். பக்கத்தை மாற்றி மாற்றி, தெளிவாக வரும்வரை விடுங்கள். இந்தக் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை. கடைசியாக இரண்டு மூன்று லீற்றர் வடித்த தண்ணீரால் அலசினால் போதும். சுண்ணாம்பைக் கரைக்கப் பெற்றரி அசிட்டோ மலசலகூடம் கழுவும் திரவமோ ஊற்ற வேண்டாம். சுண்ணாம்போடு அலுமினியத்தையும் அது தின்னும்.

பூட்டுவது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். வாய்களின் இடம், விட்டம், கீழ் ஊன்றிகள், கூட்டின் போல்ற் துளைகள், கோரின் தடிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஏதாவது பொருந்தாவிட்டால் இப்போதே கடைக்குப் போங்கள். ஒரு தடவை தண்ணீர் விட்டுவிட்டால் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

பழையதில் இருந்து புதியதற்கு மாற்ற வேண்டியவை சில உண்டு: கீழ் ஊன்றிகளின் ரப்பர்கள், மேல் பிடிகள், பிறகு ஓரங்களில் ஒட்டியிருக்கும் கறுத்தப் பஞ்சுப் பட்டைகள். இந்தப் பஞ்சை அழுக்கென்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். முன்னால் வருகிற காற்று ஓரத்தால் நழுவிப் போகாமல் கோருக்குள்ளால் போக வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் சந்தியில் நிற்கும்போது எஞ்சினின் சூட்டுக்காற்றே சுற்றி முன்னால் வந்து திரும்ப உள்ளே போகும். உக்கிப் போயிருந்தால் மெத்தைக் கடையில் ஒரு துண்டு அடர்த்தியான பஞ்சு வாங்கி வெட்டி ஒட்டுங்கள்.

மட்டையை வைத்து, புதியதை மெதுவாக இறக்கி, கீழ் ஊன்றிகள் ரப்பர்களுக்குள் இறங்கியதா என்று குனிந்து பாருங்கள். மேல் போல்ற்றுகள் சின்னவை. மணிக்கட்டின் பலம் போதும், தோளின் பலம் வேண்டாம். கூட்டையும் விசிறியையும் பூட்டிய பிறகு விசிறியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டில் சின்னக் காற்றுத்துளை அல்லது ஆடும் ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். ஹோஸ் வாயின் விளிம்பில் மேடான வளையம் ஒன்று இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டிப் போக வேண்டும், கிளிப் அந்த வளையத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். வளையத்தின் மேலேயே கிளிப்பை இறுக்கினால் வீட்டில் ஒழுகாது, பாரத்தோடு நடுறோட்டில் கழன்று போகும்.

தண்ணீர் விடுவதும் காற்று எடுப்பதும்

இவ்வளவு நேரமும் செய்தது நட்டுக் கழற்றிப் பூட்டுகிற வேலை. இனிமேல்தான் கவனம். எஞ்சினுக்குள் ஒரு கைப்பிடி காற்று மாட்டிக்கொண்டால், அது நிற்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. அந்த இடத்தில் ஹெட் சுடும். பல டீசல் எஞ்சின்களில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கோணுவதும் வெடிப்பதும் அதனால்தான். முள் எப்போதும் உங்களை எச்சரிக்கும் என்று நம்பாதீர்கள். அதன் உணரி ஆவிக்குள் நின்றால் முள் குளிரென்றே காட்டும்.

வடிகால் திருகை மூடியிருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள், நான் ஒருமுறை நாலு லீற்றர் கூலன்டை மண்ணுக்குக் குடிக்கக் கொடுத்தவன்.

வாகனத்தின் மூக்குப் பக்கத்தை மேடாக நிறுத்துங்கள். றேடியேற்றர் வாய்தான் எல்லாவற்றிலும் உயர்ந்த இடமாக இருந்தால் காற்று தானாக மேலே வரும். கழுவிய எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்கும் என்பதால், கலக்காத கூலன்டை மொத்தக் கொள்ளளவில் பாதி அளவுக்கு முதலில் விடுங்கள். பிறகு வடித்த தண்ணீரால் நிரப்புங்கள். மெதுவாக விடுங்கள், இடையிடையே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் வாயில் "குளுக்" என்று ஒரு குமிழி வரும். அந்தச் சத்தம் நிற்கும்வரை அவசரப்பட வேண்டாம்.

பெற்றரி வயரைப் பூட்டி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஸ்ராட் செய்து வேகம் கூட்டாமல் ஓட விடுங்கள். ஹீற்றர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வையுங்கள், அதன் குழாய்க்குள்ளும் காற்று நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் ஹோஸ் சட்டென்று சுடத் தொடங்குவதில் அது தெரியும். அப்போது மட்டம் ஒரேயடியாக இறங்கும். மேலும் விட்டு நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடியைப் பூட்டி, மேலதிகத் தாங்கியை இரண்டு கோட்டுக்கும் நடுவரை நிரப்புங்கள். கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டோ கியர் என்றால் கியர் ஒயில் மட்டத்தையும் பாருங்கள்.

சூடாக்கி, ஆற விட்டு, திரும்பவும் சூடாக்குவது நல்லது. ஆறும்போது எஞ்சின் மேலதிகத் தாங்கியில் இருந்து தண்ணீரை இழுக்கும், மிச்சக் காற்று வெளியே தள்ளப்படும். ஆறிய பிறகு மூடியைத் திறந்து குறைந்ததை நிரப்பி, அப்புறம்தான் ஓட்டம்.

முதல் ஓட்டத்துக்குப் பாரம் ஏற்ற வேண்டாம். கிளிநொச்சியில் இருந்தால் ஏ9 வழியாக முறிகண்டிவரை போங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வாகனத்துக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். எப்படியும் அங்கே நிறுத்தத்தானே வேண்டும். முள் வழமையாக நிற்கும் இடத்தில் அசையாமல் நின்றால் சரி. ஏறி இறங்கி ஆடினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் கலந்து வைத்த கூலன்ட் இரண்டு லீற்றர் எப்போதும் கிடக்கட்டும். கையில் அது இல்லாதபோதுதான் வழியோரக் கிணற்று வாளியில் கை போகிறது.

அடியில் கழற்றிய தகரக் கவசத்தை நான் அன்றைக்கே பூட்டுவதில்லை. பூட்டினால் ஒழுகும் சொட்டு அதன்மேல் விழுந்து மறைந்துவிடும். மூன்று நாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, இரவில் வாகனத்துக்கு அடியில் விரித்த மட்டையில் ஈரம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். மூன்றாம் நாளும் மட்டை காய்ந்திருந்தால் கவசத்தைப் பூட்டிவிட்டு நெல் ஏற்றப் போவேன்.